உயிலும் உடன்பிறப்பும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பழைய மாணவர் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் நம்மிடம் தமிழ் பயின்று இப்பொழுது வழக்கறிஞராய் விளங்கும் அன்பர் ஒருவர் சிற்றுண்டி வேளையில் நம்மை அணுகி, உடல் நலம், மக்கள் நலம் எல்லாம் உசாவிய பின்னர், “ஐயா, உயில் எழுதிவிட்டீர்களா?” என்று வினவினார். கையிலிருந்த வடையை வாயிற்கொண்டு செல்லாமல் ஒரு கணம் நின்றுவிட்டோம். அருகிருந்த நண்பர்கள் நகைத்தனர். நாமும் உடன் நகைத்தோம். ஆயின் அந்நகைப்பு உள்ளிருந்து வந்ததன்று. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபொழுது, வேறு பொருள்கள் பல இருந்தும், நெஞ்சு இதனையே பற்றிக்கொண்டு நின்றது. ‘இஃது வழக்கறிஞர் எழுதவேண்டிய விஷயமன்றோ, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்று நேயர்கள் கருதக்கூடும். சட்டத்தை அவர்கள் எழுதட்டும். சட்டம் அறிந்திருந்தும் நாம் செய்த ஒன்றைப்பற்றி நாமே எழுதவேண்டியிருக்கிறது.

உயில் என்பது தமிழ்ச் சொல்லன்று. ஆங்கிலத்து ‘வில்’ என்பதன் திரிபு. நம் நாட்டார் நாவில் அது ‘உயிர்’ என்பதற்கு உறவுடைய சொற்போல உருமாறிவிட்டது. எனினும் அதனைக் கேட்போர்க்கு உயிர் வாழும் நினைவு வருவதில்லை. உயிர் பிரியும் நினைவே வருகின்றது. முற்காலத்துப் பத்திர எழுத்தாளர் ‘மரண சாசனம்’ என்றே தலைப்பிட்டு எழுதினர். அப்பெயரைக் கேட்டவுடன் அதனை எழுதும் ஆவல் யாருக்குத்தான் பிறக்கும்?

நம் தந்தையாருக்கும் பிறக்கவில்லை. அவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கால் பாசனத்தில், 2 ஏக்கர் 40 சென்ட் நன்செய் நிலத்தை 1962-ஆம் ஆண்டில் தம் சொந்தச் சேமிப்பைக்கொண்டு வாங்கினார். ஊரில் ஓட்டு வீடு ஒன்றும் கட்டினார். பாட்டனார் வைத்துச் சென்ற சொத்து ஒரு சாண் மண்ணும் இல்லை. கணக்கில் அவர் மிகக் கண்டிப்பானவர். கார் அறுவடையில் இத்தனை கோட்டை, பிசான அறுவடையில் இத்தனை கோட்டை, அறுப்புக் கூலி இவ்வளவு, கொல்லையிலுள்ள தென்னை மரத்தில் இறக்கிய காய் இவ்வளவு, அவற்றுள் அடுத்த வீட்டிற்குக் கொடுத்தது இரண்டு என்று நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வைப்பார். தீர்வை ரசீது ஒன்றும் அவரிடம் தவறியதில்லை. அவ்வளவும் ஒரு பச்சை நிற டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெட்டியின் சாவி அவர் பூணாத பூணூல் என்று நம் தாயார் பரிகசிப்பார்கள், அரைஞாணிலேயே தொங்கும்.

இத்தகையவர் தம் சொத்து இன்னாருக்கு இன்னது என்று ஒரு தாள் எழுதி வைக்கவில்லை. அவருடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து இதைப்பற்றிப் பேசியதை நாம் கேட்டிருக்கிறோம். “என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்க்கிறீரோ?” என்றார் தந்தையார். பின்னர்ச் சிறிது நேரம் கழித்து, “மூன்றும் என் பிள்ளைகள். நான் எழுதித்தான் அவர்கள் ஒற்றுமையாய் இருக்கவேண்டுமா?” என்றார். அவர் நம்மீது வைத்த நம்பிக்கை பெரிது.

1994-ஆம் ஆண்டு தை மாதத்தில் தந்தையார் காலமானார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னர், நம் தமையனாரும் நாமும் பெட்டியைத் திறந்தோம். தாயார் சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். தமக்கையார் அடுக்களையில் பாத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரயப் பத்திரம், பட்டா, தீர்வை ரசீதுகள், வீட்டு வரி ரசீதுகள் யாவும் வரிசையாய்க் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நோட்டுப் புத்தகங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. அவற்றுள் கடைசிப் புத்தகத்தைப் புரட்டுகையில் ஒரு பக்கத்தில் மூன்று பெயர்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். முதலில் தமக்கையார் பெயர், மூத்தவர் அவர்தாமே. அடுத்துத் தமையனார், கடைசியில் நாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. கோட்டின்மேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

அப்பக்கத்தைத் தமையனாரும் பார்த்தார், நாமும் பார்த்தோம். இருவரும் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பினோம். அடுக்களையிலிருந்து தமக்கையாரை அழைத்து, “அக்கா, இங்கே வந்து பாருங்கள்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சட்டம் அன்று எவ்வாறு இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடல் வேண்டும். ஏனெனில் ‘அக்காலத்தில் பெண்களுக்குச் சொத்துரிமை இல்லை’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நாமும் பிறரிடம் அவ்வாறு சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டதுண்டு. உண்மை அஃதன்று. 1929-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்கு மட்டும், அதுவும் ஆயுட்காலத்திற்கு மட்டும், ஒரு பாகத்தை அளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமோ, ஓர் இந்து ஆடவர் தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாது இறப்பாராயின், அவர் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் தலைக்கு ஒரு சம பாகம் என்று ஐயத்திற்கு இடமின்றி விதித்துவிட்டது. பிற்காலத்தில், 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் இந்தியா முழுவதிலும் வந்த திருத்தங்கள் மகளுக்குப் பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் பிறப்புரிமை தந்தன. நம் வீட்டில் அத்திருத்தங்களுக்கு வேலையே இல்லை. தந்தையார் வாங்கியது சுயார்ஜிதச் சொத்து. அவர் இறந்த கணத்திலேயே 240 சென்ட் நிலத்தில் தாயாருக்கு 60, தமக்கையாருக்கு 60, தமையனாருக்கு 60, நமக்கு 60 என்று சட்டம் பிரித்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழிலும் நான்கு பெயர்கள் இருந்தன.

அச்சான்றிதழைப் பத்திரம் எழுதுபவரிடம் கொண்டுசென்றபோது அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தாயாரும் அக்காளும் விடுதலை கொடுத்துவிடுவார்கள் அல்லவா?” என்று கேட்டார். ‘கொடுப்பார்களா’ என்று கேட்கவில்லை, ‘அல்லவா’ என்றார். அவர் தொழிலில் அது நாள்தோறும் நடப்பது. தமையனார், “கொடுத்துவிடுவார்கள்” என்றார். நாம் பேசாதிருந்தோம்.

விடுதலைப் பத்திரம் என்பது என்ன என்று மாணவ நண்பர்கள் சிலர் அறியாதிருக்கலாம். ஒரு சொத்தில் தமக்குள்ள பாத்தியதையை மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்யும் ஆவணம் அது. விலை பெற்றும் கொடுக்கலாம், பெறாமலும் கொடுக்கலாம். நம் ஊர்ப்பக்கத்தில் உடன்பிறந்த பெண்கள் கொடுக்கும் விடுதலைக்கு விலை பெரும்பாலும் இல்லை. ‘கலியாணத்தில் சீர் செய்தாயிற்று’ என்பதே விலை. தமக்கையாருக்கு 1976-இல் மணமானபொழுது தந்தையார் நகையும் பாத்திரமும் கொடுத்தது உண்மை. அவற்றையெல்லாம் நோட்டில் எழுதியும் வைத்தார். ஆனால் அதனை ‘அவள் பாகம்’ என்று எவ்விடத்தும் எழுதவில்லை. நம்மைக் கல்லூரியில் ஐந்தாண்டு படிக்கவைத்த செலவும் அதே நோட்டுகளில் இருக்கிறது. அதனை நம் பாகத்தில் கழித்துக்கொள்ள வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை.

தமக்கையார் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நம் குழந்தைகளுக்காகக் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று கொணர்ந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துப் புளியமரத்தடியில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை காத்திருந்தோம். “எனக்கு என்ன தம்பி, பிறந்த வீட்டு வாசல் திறந்திருந்தாற் போதும்” என்று அவர்கள் தாமாகவே சொன்னார்கள். அச்சொல்லை நாம் பல்லாண்டுகள் நம் பக்கத்துச் சாட்சியாக வைத்திருந்தோம். பதிவாளர் முறைப்படி, “அம்மா, இதில் எழுதியிருப்பது தெரியுமா? மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறீர்களா?” என்று கேட்டார். “ஆம்” என்றார்கள். இடக்கைப் பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். மையைத் துடைக்கத் துணி இல்லாமல் புடைவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டார்கள். மாலை பஸ்ஸுக்கு அவர்களே சீட்டு வாங்கிக்கொண்டார்கள். வந்துபோன செலவைக் கொடுக்கவேண்டுமென்னும் நினைவு அண்ணன் தம்பி இருவருக்கும் எழவில்லை.

அந்த ஆண்டு நாம் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தோம். தமையன் செங்குட்டுவனுக்காக அரசுரிமையைத் துறந்து துறவு பூண்ட இளங்கோவின் வரலாற்றை, அது வரலாறோ கதையோ என்னும் ஆராய்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, மாணவர் கண்கலங்கச் சொல்வது நம் வழக்கம். அவ்வாண்டும் சொன்னோம். கண்கலங்கிய மாணவர் சிலர் இதனைப் படிக்கக்கூடும். அவர்கள் நம்மை மன்னிப்பாராக.

நிலத்தைத் தமையனாரும் நாமும் ஆளுக்கு 1 ஏக்கர் 20 சென்ட்டாகப் பிரித்துக்கொண்டோம். தாயாரைத் தம்முடன் வைத்துக்கொண்டமையால் வீடு தமையனாருக்கு. தாயார் 2003-இல் மறைந்தார்கள். தமையனார் 2008-இல் தம் பாகத்து நிலத்தை விற்றுத் தம் மகன் இருக்கும் நகரத்திற்குக் குடிபெயர்ந்தார். அவர் செய்ததைப்பற்றி இங்கே எழுத நமக்கு உரிமையில்லை.

இடையே பொதுவாகச் சில சொல்லவேண்டும். நம் வழக்கறிஞ மாணவரிடம் கேட்டறிந்தவை இவை. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெறுந்தாள் போதும். தமிழில் எழுதலாம், தம் கையாலேயே எழுதலாம். எழுதுபவர் கையெழுத்திட, அதனைக் கண்ட சாட்சிகள் குறைந்தது இருவர் அவர் முன்னிலையில் கையெழுத்திடல் வேண்டும். சாட்சிகள் தம்மினும் இளையராய் இருத்தல் நலம். 80 வயது நண்பரைச் சாட்சியாக வைத்துக்கொண்டால் நீதிமன்றத்திற்கு யார் வருவார்? பதிவு செய்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆயினும் செய்துவைத்தால் பிற்காலத்துப் பூசல் குறையும். உயிரோடிருக்கும் வரையில் எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

நம் கல்லூரியில் எல்லாச் சமயத்தாரும் பயில்கின்றமையின் ஒவ்வொருவருக்கும் உரியதையும் தொட்டுச் செல்வோம். கிறித்தவ அன்பர் உயிலின்றி இறப்பாராயின், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மக்களுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகவும் போகும். மணமாகுமுன் அவர் எழுதிய உயில், மணமானவுடன் தானே செல்லாததாகிவிடும். இளைஞர் பலர் இதை அறியார். இந்துக்களுக்கு இவ்விதி இல்லை. நெருங்கிய உறவினரையுடைய கிறித்தவர் ஒருவர் கோயிலுக்கோ தருமத்திற்கோ எழுதிவைத்தால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதத்திற்கு முன்னரே எழுதியிருக்கவேண்டும் என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. அது கிறித்தவரை மட்டும் கட்டுப்படுத்தியது நீதியன்று என உச்ச நீதிமன்றம் 2003-இல் அதனை நீக்கிவிட்டது. பழைய திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு வைத்த பாகம், மகன் பாகத்தில் காற்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவ்விரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951-லேயே செயலற்றுப்போயிற்று என்று 1986-இல் தீர்ப்பாயிற்று. முஸ்லிம் அன்பர் கடனெல்லாம் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயிலால் கொடுக்கலாம். வாரிசாகவுள்ளவர் ஒருவருக்கு மிகுதியாய்க் கொடுப்பதாயின் ஏனைய வாரிசுகளின் இசைவு வேண்டும்.

வங்கிக் கணக்கில் எழுதும் ‘நாமினி’யைப்பற்றி ஒரு வார்த்தை. நாமினி சொத்துக்கு உரியவர் அல்லர். வங்கியிலிருந்து பணத்தைப் பெற்று உரியவர்களுக்குச் சேர்ப்பிக்கவேண்டியவர். நம்முடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் மணமாகுமுன் தம் தம்பியை நாமினியாக எழுதியவர், இருபத்தைந்து ஆண்டுகள் அதனை மாற்றாமலே இருந்துவிட்டார். அவர் இறந்தபின் அந்த வைப்புத்தொகையைத் தம்பியிடமிருந்து பெறுவதற்கு அவர் மனைவியார் பட்ட பாட்டை நேரிற் கண்டோம். சட்டம் அம்மையார் பக்கம் இருந்தது. பணம் தம்பி பக்கம் இருந்தது.

‘உயில் எதற்கு? உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாய் இருக்கலாமே’ என்பாரும் உளர். அவர்கள் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் கதையை நினைவுகூர்வாராக. தானசெட்டில்மெண்டுப் பத்திரம் பதிவானவுடன் சொத்து கைமாறிவிடும். உயிலைப்போல நினைத்தபோது மாற்ற இயலாது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்க வழி வகுத்திருக்கிறது. கோட்டாட்சியர் முன்னிலையில் முறையிடலாம். லியர் மன்னர்தாம் பாவம், சற்று முன்னரே பிறந்துவிட்டார்.

இனி நம் கதைக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11-ஆம் நாள், பூர்விகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பினால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடிருந்தாரா என்பது கேள்வியன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருந்தொற்றுக் காலமாதலின் எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். நம் மகன் செய்தித்தாளை மேசைமேல் விரித்து, “அப்பா, இது கோவில்பட்டி அத்தைக்குப் பொருந்துமா?” என்று கேட்டான். நாம் ஆசிரியரன்றோ? சொத்தின் வகைகளை விரிவாய் விளக்கினோம். இது பூர்விகச் சொத்தைப்பற்றியது. தாத்தா தேடியது சுயார்ஜிதம். அதற்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. அத்தைக்கு அப்போதே பாகம் இருந்தது. புதிய தீர்ப்பு வேண்டியதே இல்லை என்று முடித்தோம்.

“அப்படியானால் ஏன் கொடுக்கவில்லை?” என்றான்.

அவன் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. பாடத்தில் ஐயம் கேட்பதுபோலத்தான் கேட்டான். விடையின்றி எழுந்து சென்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். மழை பெய்து ஓய்ந்த நாள் அது.

அத்தான் 2017-இல் காலமாகியிருந்தார். தமக்கையார் வாடகை வீடொன்றில் மகனுடன் இருந்தார்கள். அவன் தீப்பெட்டி ஆலையொன்றில் கணக்கெழுதுபவன். பொங்கலுக்குப் பொங்கல் நாம் அனுப்பும் பணத்தைப் பெற்றுக்கொண்டு, “எதற்குத் தம்பி இதெல்லாம்?” என்பார்கள். அது பிறந்த வீட்டுச் சீர் என்று நாம் எண்ணினோம். அவர்களுக்குரிய நிலத்தின் நெல் விலையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிடத் துணியவில்லை.

பழைய மாணவர் கூட்டத்தில் எழுந்த வினாவிற்குப் பின்னர் ஒருநாள் அவ்வழக்கறிஞர் அலுவலகத்திற்குச் சென்றோம். நடந்ததனைத்தையும், நோட்டுப் பக்கம் உள்பட, ஒளியாமற் சொன்னோம். அவர் ஆசிரியர் என்னும் மரியாதை குன்றாமல் கேட்டுக்கொண்டார். “சட்டப்படி இனி ஒன்றுமில்லை ஐயா. விடுதலை பதிவாகி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. அவர்கள் வழக்குத் தொடுத்தாலும் நிற்காது. உங்களை யாரும் ஒன்றும் செய்யமுடியாது” என்றார். நமக்கு ஆறுதல் சொல்வதாகவே அவர் கருதினார்.

உயிலில் தமக்கையாருக்கு ஒரு பகுதி எழுதிவிட விரும்புகிறோம் என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அத்தையம்மாவுக்கு என்ன வயது?” என்றார். நம்மினும் ஐந்து வயது மூத்தவர்கள், 72 ஆகிறது என்றோம். “உயிலில் ஒருவருக்கு எழுதி, எழுதியவருக்கு முன் அவர் போய்விட்டால், பொதுவாக அந்தக் கொடை அற்றுப்போகும். நீங்கள் பெற்ற பிள்ளைக்கு எழுதினால் வேறு விதி. உடன்பிறந்தாருக்கு அவ்விதி இல்லை. நீங்கள் முந்தினால் அவர்களுக்குக் கிடைக்கும். அவர்கள் முந்தினால் இல்லை. எது நடக்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள் ஐயா?”

முப்பது ஆண்டு தாமதித்துவிட்டு, இன்னும் நம் மரணம் வரையில் தாமதிக்க ஒரு வழி தேடியிருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. உயில் நம்முடையதைக் கொடுப்பதற்கு. பிறருடையதைத் திருப்பிக் கொடுப்பதற்கு அது ஏற்ற கருவியன்று. உயிரோடிருக்கையிலே செட்டில்மெண்டு எழுதுவது என்று முடிவு செய்தோம்.

எவ்வளவு எழுதுவது? விடுதலையே எழுதப்படாமல் இருந்திருந்தால் தாயாரின் 60 சென்ட், அவர்கள் காலத்திற்குப்பின் மூவருக்கும் இருபது இருபதாகச் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் 80 சென்ட் ஆகியிருக்கும். நம்மிடம் 120 இருக்கிறது. ஆக, நம் கையிலுள்ள மிகை 40 சென்ட். மற்ற 40 தமையனார் விற்றதில் போயிற்று. ஆண்டுதோறும் விளைந்த நெல்லின் கணக்கும் இருக்கிறது. அதனைத் தீர்க்கும் ஆற்றல் ஓய்வூதியம் பெறும் நமக்கில்லை.

வீட்டில் சொல்லவேண்டுமே என்னும் அச்சம் இருந்தது. நிலம் நம் பெயரில் இருப்பினும் மனைவி மக்களின் எதிர்பார்ப்பும் அதில் கலந்திருக்கிறதன்றோ? மகன் உடனே இசைந்தான். மகளும் தொலைபேசியில் இசைந்தாள். நம் மனைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “நானும் எங்கள் வீட்டில் 1999-இல் கையெழுத்துப் போட்டேன். நீங்கள்தாம் கூட்டிக்கொண்டு போனீர்கள். நினைவிருக்கிறதா?” என்றார்கள். நினைவிருந்தது. அன்று மைத்துனர்மார் நமக்கு விருந்து வைத்தார்கள்; உண்டோம். “எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. மதினிக்காவது கிடைக்கட்டும். ஆனால் ஒன்று, நம் உயிலில் நம் மகளுக்கும் மகனுக்கும் சமமாய் எழுதுங்கள். அவளைக் கையெழுத்துப் போடவைக்கும்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள்” என்றார்கள்.

கோவில்பட்டிக்குச் சென்று தமக்கையாரிடம் சொன்னபொழுது, நாம் எதிர்பார்த்த மகிழ்ச்சியை அவர்கள் முகத்தில் காணவில்லை. “இப்போது எதற்குத் தம்பி? ஊரில் என்ன சொல்வார்கள்? நான் கேட்டு வாங்கினேன் என்றல்லவா சொல்வார்கள்?” என்றார்கள். நாம் வற்புறுத்தினோம். காப்பி போட எழுந்து உள்ளே சென்றார்கள். அடுக்களைக் கதவோரம் நின்று, 1994-இல் சொல்லவேண்டியதை அப்போது சொன்னோம்: பெட்டி, கடைசி நோட்டு, மூன்று பெயர்கள், முதற்பெயர் அவர்களுடையது, எதிரே இழுத்த கோடு.

அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்றார்கள். “அப்பா என் பெயரை எழுதினார்களா?” என்றார்கள். “முதலிலா எழுதினார்கள்?”

“ஆம், அக்கா.”

“சீரோடு என்னைக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள் என்றல்லவா இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்” என்றார்கள். சிறிது நேரங்கழித்து, “அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா?” என்று கேட்டார்கள். கொண்டுசெல்லவில்லை. நிலத்தின் வரைபடம், பட்டா நகல், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் கொண்டுசென்றிருந்தோம். நோட்டைக் கொண்டுசெல்லத் தோன்றவில்லை. அன்று நிலத்தைப்பற்றி அவர்கள் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நோட்டு எந்த நிற மையில் எழுதியது, எழுத்துத் தடுமாறியிருந்ததா, தேதி போட்டிருந்ததா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீல மை, எழுத்துத் தடுமாறவில்லை, தேதி இல்லை.

மறுவாரமே நோட்டைச் சேர்ப்பித்தோம். பத்திரம் இவ்வாண்டு வைகாசியில் பதிவாயிற்று. அலுவலகம் இப்போது புதிய கட்டடத்தில் இருக்கிறது, புளியமரம் இல்லை, விரல் ரேகையைக் கருவியில் வைத்து எடுத்துக்கொள்கிறார்கள், மை இல்லை. 40 சென்ட்டை அளந்து உட்பிரிவு செய்ய நில அளவர் வந்துபோனார். பட்டா மாறுதல் உத்தரவு இன்னும் வரவேண்டும். அந்நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா, தம் மகனுக்காக வைத்திருப்பதா என்று தமக்கையார் இன்னும் முடிவு செய்யவில்லை. வடகோடிக் கால் மடைப்பக்கம் உள்ள பகுதியே தமக்கு வேண்டுமென்று மட்டும் கேட்டார்கள். சிறுமியாய் இருந்தபோது தந்தையாருக்குக் கஞ்சி கொண்டுசென்ற இடம் அது. நல்ல தண்ணீர் வசதியுள்ள இடமும் அதுதான் என்று நம் மகன் பிறகு நகைத்துக்கொண்டே சொன்னான்.

நம்முடைய உயிலின் நகல் மேசைமேல் இருக்கிறது. மகனுக்கும் மகளுக்கும் சமம். மனைவியாருக்கு வீட்டில் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று முதலில் எழுதியிருந்தோம். அவர்கள் படித்துப் பார்த்து, ‘குடியிருக்கும் உரிமை’ போதாது, வீடு தம் பெயருக்கே வரவேண்டும் என்று சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார்கள். திருத்தம் நியாயமே. சாட்சிகளாக நம் துறையின் இளம் விரிவுரையாளர் இருவரைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் இசைந்துவிட்டார், மற்றவர் விடுமுறைக்கு ஊர் சென்றிருக்கிறார், கல்லூரி திறந்ததும் வருவார்.